மொய் நோட்டும் வட்டி நோட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கமுங்க. அன்னூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் 54 முடிந்தது, 58-ல் ரிட்டயர்மென்ட். பிடித்தம் போகக் கைக்கு 52,000 வருகிறது. சம்சாரம் தையலில் 7,000 கொண்டுவருகிறார். மகள் கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம், மகன் இன்ஜினியரிங் கடைசி செமஸ்டர். கடன் விவரம்: வீட்டுக் கடன் பாக்கி 6,80,000, வட்டி 9 சதவீதம், மாதம் 11,400. கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோன் பாக்கி 3,20,000, வட்டி 14 சதவீதம், மாதம் 9,800. சம்சாரத்தின் நகை 8 பவுன் 2023-லிருந்து 2,40,000-க்கு அடகில் இருக்கிறது, 10 சதவீதம். வருஷா வருஷம் ஒரு நாள் கைமாத்து வாங்கித் திருப்பி, அன்றைக்கே மறுபடி வைக்கிறோம். தெரிந்தவர் ஒருவரிடம் ஒன்றரை லட்சம், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. கிரெடிட் கார்டில் 62,000, மினிமம் 3,100 மட்டும் கட்டிவருகிறேன். பதிவு பெற்ற கம்பெனியில் 2 லட்சம் ஏலச்சீட்டு ஒன்று இருக்கிறது, 20 மாதத்தில் 11 கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. தள்ளு (ஏலத் தள்ளுபடியில் என் பங்கு) போக மாதம் 8,500 கட்டுகிறேன். வருஷப் போனஸ் நகை வட்டிக்கும் தீபாவளிக்கும் சரியாகிவிடும். வீட்டுச் செலவுப் பட்டியலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பிஎஃப்பில் ஒன்பது லட்சம் இருக்கிறதே, அதை எடுத்து வீட்டுக் கடனை ஒரே அடியாக முடித்துவிடு என்கிறார் மச்சான். காபி, டீயைக்கூடப் பாதியாகக் குறைத்துவிட்டோம், ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. என்ன செய்யட்டுமுங்க?

— பெயர் வேண்டாம், அன்னூர்

பதில்: முதலில் காபியைப் பழையபடி குடியுங்கள். நான் முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து எழுந்தவன். சங்கிலியைக் கழற்றி, முந்தானையில் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் தராசுக்காரரிடம் கொடுப்பார்கள் பெண்கள். துடைத்தால் எடை ஒன்றும் கூடாது, ஆனாலும் துடைப்பார்கள். எதற்குங்க பணம் என்று பேச்சுக் கொடுத்தால் சீர், கல்யாணம், காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி, இன்னொரு இடத்து வட்டி என்றுதான் பதில் வரும். பால் பாக்கிக்காக நகை வைக்க வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

உங்கள் பட்டியலைப் பார்க்கிறேன். மளிகை 7,500, பால் 2,400, பைக்குக்கும் காருக்கும் பெட்ரோல் 4,800, போனும் இன்டர்நெட்டும் 1,900, கரண்ட், கேஸ் 1,800, பையன் கைச்செலவு 3,000, மொய், விசேஷம் 3,500, வெளிச் சாப்பாடு 2,600. ஆக 27,500. இரண்டு பேருமாகக் கொண்டுவருவது 59,000. அதில் கடனுக்கும் சீட்டுக்கும் 35,800 போனால் மிச்சம் 23,200. மாதம் 4,300 இடிக்கிறது. அதுதான் கார்டில் ஏறுகிறது. சரி, கார் இன்சூரன்ஸ் எங்கே? சர்வீஸ் எங்கே? மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் வரி, வீட்டு வரி, சம்சாரத்துக்குப் பல் டாக்டர், இதெல்லாம் எங்கே? வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற செலவை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை, எழுதாததால் அது செலவு இல்லை என்று ஆகிவிடாது. அதையும் பன்னிரண்டால் வகுத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்போது வட்டி. வீட்டுக் கடனில் இந்த மாதம் வட்டி மட்டும் 5,100. பர்சனல் லோனில் 3,700 சொச்சம். நகைக்கு மாதக் கணக்கில் 2,000. நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கொடுத்தவருக்கு 3,000. கார்டில் மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு, 2,500-ஐத் தாண்டும். நீங்கள் கட்டுகிற மினிமம் 3,100-இல் அசலுக்குப் போவது ஐநூறு, அறுநூறுதான். இன்னொன்று, கார்டு பில்லை முழுதாகக் கட்டாமல் பாக்கி வைத்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும், அந்த 45 நாள், 50 நாள் சலுகையெல்லாம் கிடையாது. எல்லாம் கூட்டினால் மாதம் 16,000-க்கு மேல் வெறும் வட்டி. மளிகையையும் பாலையும் சேர்த்தாலே 9,900தானே. நீங்கள் போய் காபியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மச்சான் சொல்வது வேண்டாம். பிஎஃப்புக்கு இப்போது 8.25 சதவீதம் வட்டி வருகிறது, வீட்டுக் கடனுக்கு 9 கட்டுகிறீர்கள், வித்தியாசம் முக்கால் சதவீதம். உங்களிடம் இருக்கிற கடன்களிலேயே மலிவானதை அடைக்க, ரிட்டயர்மென்டுக்கு என்று இருக்கிற ஒரே பணத்தைக் காலி செய்யச் சொல்கிறார். பென்ஷன் வருமே என்று நினைக்காதீர்கள். சம்பளம் எவ்வளவு ஆனாலும் பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 15,000 என்று வரம்பு. 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500தான். சர்வீஸ் வருஷத்தை அதனோடு பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். கூடுதல் பென்ஷனுக்கு ஆப்ஷன் கொடுக்காதவராக இருந்தால், நீங்கள் 1998-ல் சேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டாலும் ஐயாயிரம், ஐயாயிரத்து ஐநூறு பக்கம்தான் நிற்கும். அந்த 5,000-ஐ மனதில் வைத்துக்கொண்டு உங்கள் 27,500-ஐ மறுபடி ஒரு தடவை படியுங்கள். இப்போது செலவைக் குறைப்பது கடனை அடைக்க மட்டும் இல்லை, 58-க்கு அப்புறம் எவ்வளவில் குடும்பம் ஓடும் என்பதையும் இந்த நான்கு வருஷத்தில்தான் பழக முடியும். இருபத்தேழாயிரத்தில் பழகிய வீட்டை ஒரே மாதத்தில் பதினைந்துக்கு இறக்கச் சொன்னால் வீட்டில் சண்டைதான் நடக்கும்.

சரி, பணம் எங்கே? சீட்டில் இருக்கிறது. அடுத்த ஏலத்திலேயே எடுத்துவிடுங்கள். 20,000 தள்ளிக் கேட்டால் கையில் 1,80,000 வரும். இல்லை, கடைசி மாதம் வரை காத்திருக்கிறேன் என்றாலும் கம்பெனி கமிஷன் 5 சதவீதம் போக 1,90,000தான் கொடுப்பார்கள் (சட்டப்படி கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம், பாஸ்புக்கில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள்). ஒன்பது மாதம் காத்திருந்து மிச்சம் பிடிப்பது 10,000. அதே ஒன்பது மாதத்தில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கொடுத்தவருக்கு மட்டும் 27,000 கொடுத்திருப்பீர்கள். நம் பக்கத்தில் சீட்டைத் தள்ளி எடுப்பது ஏதோ இளப்பம், கடைசியில் எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று ஒரு எண்ணம் உண்டு. கடன் இல்லாதவருக்கு அது சரி. ஜாமீனுக்கு ஆள் கேட்பார்கள், இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த 1,80,000-இல் ஒன்றரை லட்சத்தை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, புரோநோட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். “அப்புறம் தேடித் தர்றேனுங்க” என்று சொன்னால், அசலும் வட்டியும் தீர்ந்தது என்று எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்காமல் திண்ணையை விட்டு எழாதீர்கள். மீதி 30,000 கார்டுக்கு. கார்டை வெட்டிப் போடுங்கள், அல்லது சம்சாரத்தின் தையல் பெட்டிக்கு அடியில் வையுங்கள். பாக்கி 32,000. இதுவரை கட்டிய 3,100-ஓடு, மிச்சமான வட்டிப் பணம் 3,000-ஐயும் சேர்த்துக் கட்டினால் ஆறு மாதத்தில் கார்டு தீர்ந்துவிடும். அந்த 6,100-ஐ அப்படியே ஒதுக்கி வையுங்கள். ஒன்பதாவது மாதத்தோடு சீட்டும் முடிகிறது, அதன் 8,500-உம் சேரும். எல்லாவற்றையும் பர்சனல் லோன்மேல் போடுங்கள். முன்கூட்டி அடைக்க அதற்கு அபராதம் உண்டா, எத்தனை தடவை கட்ட விடுவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பர்சனல் லோனில் இது ஒவ்வொரு வங்கிக்கும் மாறும். சுமாராக இன்றிலிருந்து இருபது, இருபத்தொன்றாம் மாதம் அது ஒழியும். அப்போது மாதம் 24,400 (9,800, 6,100, 8,500 மூன்றும் சேர்ந்து) சும்மா நிற்கும். பத்து மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். அப்புறம் அதே 24,400-ஐ வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்துக் கட்டினால் இன்னும் பதினான்கு மாதம். கூட்டிப் பாருங்கள், மூன்று வருஷம் எட்டு, ஒன்பது மாதம். உங்களுக்கு இருப்பது 47 மாதம்.

வீட்டுக் கடன் மாறும் வட்டியில் இருந்தால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் கட்டும்போது, தவணைத் தொகை குறைய வேண்டாம், மாதங்கள் குறையட்டும் என்று எழுதிக் கொடுங்கள். சும்மா கட்டிவிட்டு வந்தால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிட்டு 60 வயது தாண்டியும் ஓட்ட விட்டுவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பைசா புது வருமானம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவிழ்ந்த பணத்தை வேறு எதிலும் கட்டாமல் இருக்க வேண்டும், அந்த 4,300 இடிப்பு நிற்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஆறு மாதம் தள்ளும். போகட்டும், கிராஜுவிட்டி இருக்கிறது: கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் டிஏவையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கினால் வருகிற தொகை. 28,000 அடிப்படையும் 32 வருஷமும் என்றால் ஐந்து லட்சத்துக்கு மேல். அதில் கொஞ்சம் எடுத்துக் கடைசித் துண்டை முடிக்கலாம். முழுதாக அதை நம்பி இன்றைக்கே செலவு செய்வதுதான் தப்பு.

அந்த 4,300-ஐ எங்கே பிடிப்பது? இங்கேதான் நீங்கள் என்மேல் கோபப்படுவீர்கள். கார். சம்பந்தி வீட்டுக்குப் போக வர வாங்கியது என்று பட்டியல் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மகள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆயிற்று, கார் தகரக் கொட்டாயில் கவர் போட்டு நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை கழுவுகிறீர்கள், மாதம் மூன்று முகூர்த்தத்துக்கு எடுக்கிறீர்கள். விற்று வருகிற பணத்தில் கார்டு மீதியைத் தீர்த்துவிட்டு, பாக்கியைக் கடனில் போடாமல் தனி டெபாசிட்டாகப் போடுங்கள். அவசரத்துக்குக் கையில் ஐம்பதாயிரம் இல்லாமல் போன அன்றைக்குத்தானே இரண்டு வட்டியே உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும்? வாடகைக் காருக்கு மாதம் இரண்டு தடவை கொடுத்தாலும் பெட்ரோலிலும் இன்சூரன்ஸிலும் மிச்சம்தான்.

அடுத்தது மொய். மகள் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு பொழுது உட்காருங்கள். நோட்டில் பெயர் இருக்கிறவருக்குத் திருப்பிச் செய்யத்தான் வேண்டும், அது உங்கள் கடன், அதில் கை வைக்காதீர்கள். ஆனால் 500 வைத்தவருக்கு 1,000 வைப்பதும், நோட்டில் இல்லாதவர் பத்திரிகை கொடுத்தார் என்பதற்காகக் குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு காங்கேயம் வரை போவதும் யாரும் கேட்காத சீர். ஒருவர் மட்டும் பஸ்ஸில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும். ஆவணியிலும் தையிலும் இதிலேயே பாதித் தொகை நின்றுவிடும்.

உங்கள் தங்கச்சி மகளுக்குத் தெரட்டிச் சீர் (மஞ்சள் நீராட்டு) வருகிறது, மாமன் முறைக்கு ஒரு பவுன் போட வேண்டும் என்று கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பவுன் லட்சத்தைத் தாண்டிவிட்ட காலம். இதற்குத்தான் மறுபடி எங்காவது கை நீட்டுவீர்கள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. தங்கச்சியிடம் நேரில் போய் உட்கார்ந்து, “நகை அடகில் கிடக்குது கண்ணு, பட்டும் தட்டும் முறையாகச் செய்கிறேன், பவுனை உன் மகள் கல்யாணத்துக்குப் போடுகிறேன்” என்று சொல்லுங்கள். என் தங்கச்சியிடம் இப்படிச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. சொன்னதும் அவள், “அண்ணா, எங்க வீட்டு நகையும் அங்கதான் இருக்குது” என்றாள்.

நகையைப் பற்றி இன்னொன்று. 2023-ல் வைத்தபோது பவுனுக்கு முப்பதாயிரம் கொடுத்தார்கள். இப்போது திருப்பி வைக்கப் போனால் “விலை ஏறிடுச்சுங்க, இன்னும் ரெண்டு, மூணு லட்சம் சேர்த்து வாங்கிக்கலாம்” என்பார்கள். வேண்டாம் என்று சொல்லத் தயாராகப் போங்கள். மாறாக, ஒரு நாள் கைமாத்து வாங்கித்தானே திருப்புகிறீர்கள், அன்றைக்கு எட்டு பவுனையும் எடுத்து, போடாத பழைய மாடல் ஏதாவது மூன்று பவுனுக்குள் விற்றால் கைமாத்தும் தீரும், மீதி ஐந்து பவுன் கழுத்திலேயே இருக்கும், மொத்தக் கணக்கும் எட்டு மாதம் முன்னால் முடியும். கணக்குப்படி இதுதான் நல்லது. ஆனால் அது உங்கள் சம்சாரத்துக்கு அவருடைய அப்பன் வீட்டில் போட்ட நகை. முடிவை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ இல்லை. வேண்டாம் என்று சொன்னால் இரண்டாம் தடவை கேட்காதீர்கள்.

பையனுக்கு மாதம் 3,000 கைச்செலவு. கடைசி செமஸ்டர்தானே, வேலை கிடைக்கும் வரை பாதியாக்குங்கள், கடன் நோட்டையும் அவனிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 57. பொள்ளாச்சியில் இருக்கிறார்கள். கடன் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று எங்கள் அம்மாவுக்கே தெரியாது. செலவைக் குறைக்கலாமே என்று ஆரம்பித்தால், “நான் சம்பாதிச்சதை நான் செலவு பண்றேன் அம்மிணி” என்று எழுந்து தோப்புக்குப் போய்விடுகிறார். நான் எப்படிப் பேசுவது?

— மகள், கோவை

பதில்: குறை என்று சொல்லாதீர்கள் அம்மிணி, கணக்கைக் கேளுங்கள். அதுவும் கூட்டத்தில் இல்லாமல், வருமான வரி ஃபைல் பண்ணித் தர்றேன், வங்கிக் கணக்குக் காகிதத்தைக் கொடுங்கப்பா என்று கேட்டால் கொடுத்துவிடுவார். உங்கள் கல்யாணக் கடன் அதில் இருக்கும், அதைப் பார்த்து நீங்கள் அழக் கூடாது என்பதற்காகத்தான் பல அப்பாக்கள் காட்டுவதில்லை. கூடவே, அவர் பெயரில் உள்ள கணக்கு, பிஎஃப், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் நாமினியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சோமனூர் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறோம். வீட்டுக்காரருக்கு 56, எனக்கு 50. பிஎஃப், பென்ஷன் ஒன்றும் கிடையாது. மகளிர் குழுக் கடன் 40,000 இருக்கிறது. கடனை அடைப்பதா, கொஞ்சம் சேர்த்து வைப்பதா?

பதில்: முதலில் ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஆகிற பணத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியாகப் போடுங்கள். தறி நின்றால் கூலி அன்றைக்கே நிற்கும்; அந்த வாரத்துக்குக் கையில் இல்லாவிட்டால் வேறு இடத்தில் இதைவிட அதிக வட்டிக்குத்தான் போவீர்கள். அதற்கு மேல் மிஞ்சுவதெல்லாம் குழுக் கடனுக்கு. தவணையை மட்டும் ஒரு வாரம்கூடத் தவறவிடாதீர்கள், உங்களுக்காகக் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டிவரும்.

கேள்வி: கோபியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். போன மாதம் வீட்டுக் கடன் முழுதும் கட்டி முடித்துவிட்டேன். இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: நிறைய பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள் ஐயா. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 2023-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தைப் பதிவு செய்திருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்ய வேண்டும், வங்கியிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போடுவார். பதினைந்து நாள் கழித்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அதில் அடமானத்துக்குக் கீழே ரசீதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பீரோவில் வையுங்கள்.